வாசிப்பறைக்குக் கீழே ஒரு மேடை

1944 ஜூன் மாதம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135ஆம் தெருக் கிளை நூலகத்தின் நிலவறையில் ‘அன்னா லூகாஸ்டா’ என்ற நாடகம் அரங்கேறியது. அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர் என்ற குழு அதைத் தயாரித்திருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில், மார்த்தா கிரகாம் ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ நடனத்தை முதன்முதலாக ஆடினார். இசை ஆரன் கோப்லாண்ட். நாடகம் ஆகஸ்டு முடிவதற்குள் பிராட்வேக்குப் போய் அங்கே 957 முறை நடந்தது. நடனத்தின் இசைக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. நாடக வரலாற்றிலும் நடன வரலாற்றிலும் இந்த இரண்டு பெயர்களும் தவறாமல் வரும். இரண்டும் பிறந்த இடம் நூலகம் என்பது மட்டும் போகிற போக்கில் சொல்லப்பட்டுவிடும்.

நூலகத்துக்கு மேடை எதற்கு என்ற கேள்வி ஒவ்வொரு நிதிநிலைக் கூட்டத்திலும் வருகிறது. புத்தகம் வாங்கவே பணம் போதாதபோது கச்சேரி எதற்கு என்று கேட்கிறார்கள். வழக்கமான பதில், கச்சேரிக்கு வருகிறவர் நாளைக்குப் புத்தகம் எடுக்கவும் வருவார் என்பது. இந்தப் பதில் போதாது என்று நினைக்கிறேன். கலை நிகழ்ச்சியைத் தூண்டில் புழுவாக மட்டும் பார்த்தால், மீன் சிக்காத மாதத்தில் அதை நிறுத்திவிடத் தோன்றும். நூற்று முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அமெரிக்க அனுபவத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. நிகழ்த்துகலையைச் சேகரிப்பதும் காப்பதும் பொதுமக்களுக்குக் கொடுப்பதும் நூலகத்தின் சொந்த வேலையாகவே அங்கே வளர்ந்திருக்கிறது. அந்த வேலை தழைத்த இடங்களிலெல்லாம் கலைஞருக்கான கூலியை யாரோ ஒருவர் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்.

ஆண்ட்ரூ கார்னெகியின் பணத்தில் கட்டி 1890இல் திறந்த அலிகெனி நகர நூலகத்தில் (இன்று அது பிட்ஸ்பர்க்கின் வடபகுதி) புத்தக அறைகளோடு ஓர் இசை அரங்கமும் இருந்தது. கார்னெகி ஹால் என்றதும் நியூயார்க்கை நினைக்கிறோம். அந்தப் பெயரில் முதலில் எழுந்த அரங்கம் இதுதான். அரங்கில் ஒரு பெரிய குழல் ஆர்கன் இருந்தது. அதை வாசிப்பதற்கென்று நகராட்சி ஒரு கலைஞரை வைத்தது. மக்கள் கட்டணமில்லாமல் வந்து கேட்டார்கள். காஸ்பர் கோக் என்பவர் 1904இல் அந்தப் பொறுப்புக்கு வந்து 1954 வரை, அரை நூற்றாண்டு, அங்கே வாசித்தார். 1895இல் திறந்த பிட்ஸ்பர்க் கார்னெகி நூலகத்திலும் இதே ஏற்பாடு. முதல் ஆர்கன் கலைஞர் ஃபிரெடரிக் ஆர்ச்சர். ஏன் ஆர்கன்? வானொலி வராத காலம், இசைத்தட்டு குழந்தைப் பருவத்தில் இருந்த காலம். ஒரு முழு வாத்தியக் குழுவை அமர்த்தினால் எழுபது பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆர்கன் இருந்தால் ஒருவர் போதும். ஓபரா முன்னிசைகளையும் சிம்பொனிப் பகுதிகளையும் ஆர்கனுக்கு மாற்றி வாசித்தார்கள். ஆலைத் தொழிலாளி குடும்பங்களில் பலர் மேற்கத்தியச் செவ்விசையை முதலில் கேட்டது இப்படித்தான் இருக்கும்.

கார்னெகியின் கொடையைப் பேசும்போது ஹோம்ஸ்டெட்டைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய உருக்காலை இருந்த அந்த ஊரில் 1892இல் வேலைநிறுத்தம் துப்பாக்கிச் சண்டையாக முடிந்தது. தொழிற்சங்கம் உடைக்கப்பட்டது. ஆறு ஆண்டு கழித்து, 1898இல், அதே ஊர்க்காரர்களுக்காக ஏறத்தாழ ஆயிரம் இருக்கை கொண்ட இசை அரங்கத்தோடு ஒரு நூலகம் திறக்கப்பட்டது. பன்னிரண்டு மணி நேரம் உலையருகே நின்றவர் எந்த நேரத்தில் கச்சேரிக்குப் போவார்? கட்டணம் இல்லை என்பது ஒரு கதவைத்தான் திறக்கிறது. நேரம், களைப்பு, வீட்டிலிருந்து தூரம், இங்கே நமக்கு இடமுண்டா என்ற தயக்கம் ஆகிய மற்றக் கதவுகள் அப்படியே இருக்கின்றன. இன்றும் வேலைநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி வைத்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று வருந்தும் நூலகங்கள் ஹோம்ஸ்டெட்டை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

காங்கிரஸ் நூலகத்தின் கதை வேறு வகை. எலிசபெத் ஸ்பிரேக் கூலிட்ஜ் செல்வக் குடும்பத்துப் பெண்மணி, பியானோ கலைஞர். சிற்றவை இசைமீது தீராத பற்றுக் கொண்டவர். நூலகத்துக்குள் ஓர் அரங்கம் கட்ட 60,000 டாலர் கொடுக்க முன்வந்தார். அரசு நூலகம் ஒன்று தனியாரிடமிருந்து இப்படிப் பணம் வாங்கி, அதை முதலீடு செய்து, வட்டியில் கச்சேரி நடத்த அன்றைக்குச் சட்ட வழி சரியாக இல்லை. 1925 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த நூலகத்துக்கென்று ஓர் அறக்கட்டளை வாரியத்தைச் சட்டமாக்கியது. அக்டோபரில் அரங்கம் திறந்தது. ஐந்நூறு பேர் அமரக்கூடிய அளவுதான், ஆனால் ஒலியமைப்புக்குப் பேர்போனது.

இதில் என்னை மிகவும் கவர்வது கட்டடத்தைவிட, அதற்குள் அவர் ஏற்படுத்திய முறை. கூலிட்ஜ் கச்சேரிக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை, புதிய படைப்புகளை எழுதச் சொல்லியும் கொடுத்தார். ஸ்திராவின்ஸ்கியின் ‘அப்பொல்லோ’ 1928இல் இந்த மேடையில்தான் முதலில் ஆடப்பட்டது. பேலா பார்டோக்கின் ஐந்தாவது நால்வர் இசை 1935இல் இங்கே அரங்கேறியது. இப்படி எழுதுவித்த படைப்புகளின் கையெழுத்துப் படிகள் நூலகத்தின் இசைப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. ஒரு மாலை நிகழ்ச்சி முடிந்ததும் அதன் மூலப்படி அலமாரிக்குப் போகிறது, எண்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். நூலக மேடையைச் சபா மேடையிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தத் தொடர்ச்சி. ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’கைக் கோப்லாண்ட் பதின்மூன்று வாத்தியங்களுக்கு மட்டும் எழுதியதற்கும் அந்தச் சிறிய அரங்கமே காரணம், அதற்கு மேல் வாத்தியக்காரர்கள் உட்கார இடமில்லை. பின்னால் முழு வாத்தியக் குழுவுக்கு அதை விரித்து எழுதினார் என்றாலும், அந்தப் பதின்மூன்று வாத்திய வடிவத்தில் இருக்கும் நெருக்கத்தை இன்றும் பலர் தேடிக் கேட்கிறார்கள்.

கெர்ட்ரூட் கிளார்க் விட்டால் என்ற இன்னொரு கொடையாளர், ஸ்திராடிவேரி செய்த ஐந்து வாத்தியங்களை 1935-36இல் அதே நூலகத்துக்குக் கொடுத்தார்: மூன்று வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட அவர் கொடுக்கவில்லை. அவை வாசிக்கப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்காகவே ஓர் அறக்கட்டளையும் ஏற்படுத்தினார். புடாபெஸ்ட் நால்வர் குழு 1940 முதல் 1962 வரை நூலகத்தின் நிலையக் கலைஞர்களாக இருந்து அவற்றை வாசித்தது. வாத்தியம் நூலகத்தின் உடைமை, வாசிப்பவருக்கு ஊதியம், கேட்பவர் பொதுமக்கள். இதைவிடத் தெளிவான ஓர் ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

அந்த அரங்கில் செவ்விசை மட்டும் ஒலிக்கவில்லை. 1938இல் நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸ், ஜாஸ் முன்னோடி ஜெல்லி ரோல் மார்ட்டனைக் கூலிட்ஜ் அரங்கின் பியானோ முன் உட்காரவைத்து, அவர் வாசித்ததையும் சொன்ன கதைகளையும் பதிவு செய்தார். கூட்டமில்லாத அரங்கில் நடந்த அந்தப் பதிவு, நியூ ஆர்லியன்ஸ் இசையின் வாய்மொழி வரலாற்றுக்கு அடிப்படை ஆவணம். 1940 டிசம்பரில் அடிமைமுறை ஒழிப்புத் திருத்தத்தின் 75ஆம் ஆண்டையொட்டி அதே மேடையில் கோல்டன் கேட் நால்வர் குழுவும் ஜோஷ் ஒயிட்டும் பாடினார்கள். முந்தைய ஆண்டுதான் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதால், அதே வாஷிங்டனில் ஒரு பெரிய அரங்கம் மறுக்கப்பட்டிருந்தது.

ஹார்லெமுக்கு வருவோம். 135ஆம் தெருக் கிளையில் கொடையாளர் இல்லை, ஸ்திராடிவேரி இல்லை. நிலவறை ஒன்று இருந்தது, அதைத் திறந்துவிட மனமுள்ள நூலகர்கள் இருந்தார்கள். 1920இல் பொறுப்பேற்ற எர்னஸ்டைன் ரோஸ் கறுப்பினப் பெண்களையும் நூலகப் பணியில் சேர்த்தார். அவர்களில் ஒருவரான ரெஜினா ஆண்டர்சன் நாடகமும் எழுதினார், வேறு பெயரில். கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ் 1926இல் கிரிக்வா நாடகக் குழுவை அந்த நிலவறையில்தான் நடத்தினார். கறுப்பின மக்களுக்கான நாடகம் அவர்களைப் பற்றியதாக, அவர்களே எழுதியதாக, அவர்களுக்காக நடப்பதாக, அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதாக அமைய வேண்டும் என்று அவர் வகுத்தார். நான்காவதை நிறைவேற்றக் கிளை நூலகத்தைவிட ஏற்ற இடம் எது?

அந்தக் குழு நீடிக்கவில்லை. காரணம் கவனிக்கத்தக்கது. 1927இல் யூலலி ஸ்பென்ஸ் எழுதிய நாடகம் ஒரு போட்டியில் 200 டாலர் பரிசு பெற்றது. டுபாய்ஸ் அந்தப் பணத்தைத் தயாரிப்புச் செலவுக்கு ஈடுகட்டினார். எழுதியவருக்கும் நடித்தவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. குழு கலைந்தது. உயர்ந்த நோக்கம், பெரிய மனிதர், இலவச இடம் எல்லாம் இருந்தும், உழைத்தவர் கை வெறுமையாக இருந்ததால் உடைந்துபோன அமைப்பு அது. நம் ஊர்களில் பல நல்ல குழுக்கள் இதே இடத்தில்தான் உடைகின்றன.

1940இல் ஏப்ராம் ஹில்லும் ஃபிரெடரிக் ஓநீலும் அதே நிலவறையில் அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரைத் தொடங்கியபோது, உறுப்பினர்கள் வெளியில் சம்பாதிப்பதில் ஒரு சிறு பங்கைக் குழுவுக்குத் தரும் கூட்டுறவு முறையை வைத்தார்கள். ரூபி டீ, ஹாரி பெலஃபாண்டே, சிட்னி பாய்ட்டியே எல்லாரும் அந்தக் குழுவின் வழி வந்தவர்கள். நடிப்புப் பயிற்சிக்குக் கட்டணமாகப் பாய்ட்டியே அங்கே துப்புரவு வேலை செய்தார். ‘அன்னா லூகாஸ்டா’ பிராட்வேக்குப் போனதும் பெரும் வருமானம் வந்தது. அதில் குழுவுக்குக் கிடைத்தது சொற்பம். நூலகம் இடம் கொடுத்தது, பயிற்சி கொடுத்தது, பார்வையாளரைக் கொடுத்தது. லாபம் வேறு கைக்குப் போனது. இதற்காக நூலகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தன் மேடையில் உருவான படைப்பு வெளியே போகும்போது கலைஞர்களின் உரிமைக்கு ஓர் எழுத்து ஒப்பந்தமாவது துணையிருக்க வேண்டும் என்பதை இந்தக் கதை சொல்லாமல் சொல்கிறது.

யார் கூலி கொடுப்பது என்ற கேள்விக்கு அமெரிக்க இசைத் தொழிலாளர்கள் கண்டுபிடித்த விடை வியப்பானது. இசைத்தட்டு பரவியதும் நேரடி வாத்தியக்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களுடைய சங்கம் 1942இலும் 1948இலும் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்தது. 1948 உடன்பாட்டின்படி, விற்கும் இசைத்தட்டுகளைக் கணக்கிட்டு நிறுவனங்கள் ஒரு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதி பூங்கா, பள்ளி, மருத்துவமனை, நூலகம் முதலிய இடங்களில் மக்களுக்கு இலவசக் கச்சேரி நடத்தி, வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் வகுத்த ஊதியத்தைக் கொடுக்கும். முந்தைய ஆண்டு வந்த தொழிலாளர் சட்டம் சங்கமே அந்த நிதியை ஆள்வதைத் தடுத்ததால், தனி அறங்காவலரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. இன்றும் அந்த நிதி இயங்குகிறது. வேலையைப் பறித்த கருவியின் வருமானத்திலிருந்தே வேலையைத் திரும்ப உண்டாக்கினார்கள். கணினியே பாட்டுக் கட்டும் இந்த நாளில் இந்த ஏற்பாட்டை மறுபடி எடுத்துப் படிக்க வேண்டும்.

சட்டம் மட்டும் எதிர்த்திசையில் இழுக்கிறது. அமெரிக்காவின் 1976 பதிப்புரிமைச் சட்டம் 110ஆம் பிரிவில் ஒரு விலக்குத் தருகிறது. லாப நோக்கில்லாமல், நுழைவுக் கட்டணம் இல்லாமல் நடக்கும் நிகழ்ச்சியில், நாடகமல்லாத இலக்கியத்தையும் இசையையும் உரிமையாளரிடம் கேட்காமல் நிகழ்த்தலாம். ஆனால் நிகழ்த்துபவருக்கும் அமைப்பாளருக்கும் அதற்கென்று கட்டணம் எதுவும் கொடுத்திருக்கக் கூடாது. பாடகருக்குப் பணம் கொடுத்தால் விலக்குப் போய்விடும், நூலகம் இசை உரிமைச் சங்கங்களிடம் உரிமம் வாங்க வேண்டும். கலைஞரைச் சும்மா பாடவைத்தால் சட்டம் ஒத்துப்போகும், கூலி கொடுத்தால் கூடுதல் செலவு வரும். மாதச் சம்பளம் வாங்கும் நூலகர் தன் பணியின் பகுதியாகக் குழந்தைகளுக்குக் கதை சொன்னால் தடையில்லை என்பதால், பெரும்பாலான கிளைகளில் கதை நேரம் மட்டும் எந்தச் சிக்கலும் இல்லாமல் நடக்கிறது. கோடை விடுமுறையில் பொம்மலாட்டம், மாயவித்தை என்று வெளியாட்களை அழைக்கும்போது நூலக நண்பர்கள் சங்கங்கள் பழைய புத்தகம் விற்றுச் சேர்த்த பணம் கைகொடுக்கிறது. யாரை அழைப்பது என்பதிலும் சண்டை வராமல் இல்லை. 2015இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ‘டிராக்’ (எதிர்ப்பால் வேடமிடும்) கலைஞர்களின் கதை நேரம் பல மாநிலங்களில் நீதிமன்றம் வரை போன அரசியலானது. மேடை போட்டால் இதற்கும் அணியமாகத்தான் இருக்க வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது? இதற்கு மிக நல்ல விடை நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் 1965இல் திறந்த நிகழ்த்துகலை நூலகத்தில் இருக்கிறது. கீழே இருநூறு பேர் அமரும் புரூனோ வால்டர் அரங்கம், கட்டணமில்லாத நிகழ்ச்சிகள். மேலே நடனம், இசை, நாடகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சேகரிப்புகள். 1970இல் பெட்டி கார்வின் அங்கே தொடங்கிய நாடகப் பதிவுக் காப்பகம், ஓடிக்கொண்டிருக்கும் நாடகங்களை அரங்கத்துக்கே போய்ப் படம்பிடிக்கிறது. நடிகர், இசைஞர், மேடைப் பணியாளர் சங்கங்களோடு பேசி, பதிவை வெளியே விற்பதோ ஒளிபரப்புவதோ இல்லை, நூலகத்துக்கு வந்து ஆய்வுக்காகப் பார்க்கலாம் என்று உடன்பாடு செய்தார்கள். மேடையேற்றத்தை இழந்துவிடக் கூடாது, அதை உருவாக்கியவர் வயிற்றிலும் அடிக்கக் கூடாது என்ற இரண்டையும் காத்த உடன்பாடு அது. அதே நகரத்தில் 1854இல் திறந்த ஆஸ்டர் நூலகக் கட்டடத்தை, புத்தகங்கள் போன பின் இடிக்கப்படாமல் காப்பாற்றி, 1967இல் நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப் ‘ஹேர்’ இசைநாடகத்தோடு நாடக அரங்கமாகத் திறந்தார் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

இனி தமிழ்நாடு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை எழுதியபோதே நூலகத்தை வளரும் உயிர் என்றார். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவதும் சொற்பொழிவும் விழாவும் நூலகத்தின் விரிவுப்பணி என்பது அவர் கொள்கை. அண்டையிலுள்ள கேரளத்தில் 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலை இயக்கத்தின் கிராம நூலகங்கள் கலைக் குழுவையும் நாடகத்தையும் தம் வேலையாகவே எடுத்துக்கொண்டன. நம்முடைய நூலகங்களில் வாசகர் வட்டம் உண்டு, நூல் வெளியீடு உண்டு, கவியரங்கம் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் கலையரங்கமும் திறந்தவெளி அரங்கும் கட்டப்பட்டன. நூலகத்தை இடம் மாற்றும் முடிவு குறித்த வழக்கு நடந்த காலத்தில் அந்த அரங்கம் திருமண வரவேற்புக்கு விடப்பட்டு, நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. பிறகு ‘பொன்மாலைப் பொழுது’ என்ற சொற்பொழிவு வரிசை அங்கே நல்ல வாசகர்களைச் சேர்த்தது. சொற்பொழிவு நம் பலம். கூத்து, பாவைக்கூத்து, நாடகம், வில்லுப்பாட்டு ஆகியவை நூலகத்துக்குள் வருவது மிகக் குறைவு.

வரும்போதும் அவற்றை ஆடுபவருக்குப் பொன்னாடையும் ஒரு புத்தகமும் கொடுத்து அனுப்பும் வழக்கம் எனக்கு உறுத்துகிறது. மார்கழிக் கச்சேரிகளில் கட்டணமில்லாத பிற்பகல் வேளை இளம் பாடகர்களுக்கு ஒதுக்கப்படுவதும், அவர்களில் பலர் பக்கவாத்தியக்காரருக்குத் தம் கையிலிருந்தே கொடுப்பதும் இசை உலகில் எல்லாரும் அறிந்தவை. நம் சட்டமும் அமெரிக்கச் சட்டத்தின் சாயலில்தான் போகிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பொழுதுபோக்குக் கலைக் குழு கட்டணம் வாங்காமல் நிகழ்த்தினால் நாடகத்துக்கும் சேர்த்து விலக்குத் தருகிறது. கலையே தொழிலாக உள்ளவருக்கு அதில் இடம் தெளிவாக இல்லை.

ஆனால் இலவசமாகக் காண்பதும் கலைஞருக்கு முறையாகக் கொடுப்பதும் நமக்குப் புதியவை அல்ல. வடமாவட்டங்களில் பாரதக் கூத்து பத்து இரவுக்கும் மேல் நடக்கும்போது யாரும் சீட்டு வாங்குவதில்லை. ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலித்து, கூத்து வாத்தியாரோடு பேசிய தொகையை ஊர் கொடுக்கிறது. வரி கொடுக்க முடியாதவரும், பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்தவரும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கூலிட்ஜின் அறக்கட்டளையும் இசைத்தட்டு நிதியும் சுற்றிவளைத்து வந்து சேர்ந்த இடம் இதுதான். நூலகத்துக்கும் அப்படி ஒரு வரி நம்மிடம் இருக்கிறது. 1948இல் இயற்றிய மதராஸ் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரி வசூலாகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. அதில் ஒரு சிறு பகுதியைக் கலைஞர் ஊதியம் என்று தனித் தலைப்பில் எழுதிவைத்தால், மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றும் ஆண்டில் சில நிகழ்ச்சிகளைக் கை ஏந்தாமல் நடத்தலாம்.

எதை நடத்துவது என்பதற்கும் அலமாரியிலேயே வழி இருக்கிறது. கூத்து நாடகங்கள் பெரிய எழுத்துப் பதிப்புகளாக மலிவு விலையில் அச்சாகி ஊர் ஊராகப் போனவை. அவற்றில் பல இன்று ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் மட்டும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை புரிசைக் கூத்துக் குழு ஒன்று மாவட்ட நூலகத்தின் முற்றத்தில் ‘கர்ண மோட்சம்’ ஆடுமானால், அந்தப் பனுவலின் படி அன்றைக்கு மேசையில் இருக்க வேண்டும். ஆட்டத்தை ஒளிப்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கலைஞர்களின் எழுத்து ஒப்புதலும் தனிச் சன்மானமும் வேண்டும். பதிவு இணையத்துக்குப் போகாமல் நூலகத்தில் கேட்டுப் பார்க்கும்படி இருக்கலாம், வாத்தியார் விரும்பினால் பிறகு திறந்துவிடலாம். அச்சில் உள்ளதற்கும் அன்று அவர் பாடியதற்கும் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டைக் குறித்துவைக்க நூலகர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை நேரம் ஒதுக்க வேண்டும். நிகழ்ச்சி தொடங்குவது ஆறரை மணிக்குப் பிறகு இருக்கட்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று போக்குவரத்துக் கழகத்திடம் கேட்டுக்கொண்டு முடிக்கும் நேரத்தை வைக்கட்டும்.